47 என்ற எண் மட்டும் உள்ள பல்பு: சிறு காட்டி விளக்குகளின் மின் விவரங்களைக் கண்டறிவது

கேள்வி இது: அமெரிக்காவில் தயாரான பழைய சிக்னல் ஜெனரேட்டர் (சோதனைக்கான மின் அலைகளை உருவாக்கும் கருவி) ஒன்றின் முகப்பு விளக்கு எரியவில்லை. பல்பின் உலோக அடிப்பகுதியில் 47 என்ற எண்ணைத் தவிர வேறெதுவும் பொறிக்கப்படவில்லை. அதே முகப்பில் இருக்கும் இன்னொரு சிறிய பல்பில் எண்ணே அழிந்துவிட்டது. இவற்றின் வோல்ட், ஆம்பியர் விவரங்களை எங்கே பார்ப்பது, எண் இல்லாத பல்புக்கு என்ன செய்வது, பேசாமல் இரண்டையும் எல்.இ.டி.யாக மாற்றிவிடலாமா?

முதல் பல்புக்கு உடனே விடை சொல்லிவிடலாம். அது 6.3 வோல்ட், 0.15 ஆம்பியர் பல்பு. சுமார் 3,000 மணி நேர ஆயுள் கொண்டது. 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள பின் வகை (பக்கவாட்டில் நீட்டிய பின்களோடு செருகித் திருப்பும் பேயனெட்) அடிப்பகுதி உடையது. வால்வுகளின் (பழைய கருவிகளில் இருந்த வெற்றிடக் குழாய்களின்) ஹீட்டருக்கு, அதாவது அவற்றை உள்ளிருந்து சூடாக்கும் இழைக்கு, 6.3 வோல்ட் கொடுத்த டிரான்ஸ்பார்மர் சுற்றிலிருந்தே முகப்பு விளக்குக்கும் மின்சாரம் எடுத்துக்கொண்ட காலத்தில், ரேடியோக்களிலும் அளவுக் கருவிகளிலும் மிகப் பரவலாகப் பயன்பட்ட பல்பு இதுதான். ஆனால் 47 என்ற எண்ணுக்கும் இந்த மதிப்புகளுக்கும் எந்தக் கணக்குத் தொடர்பும் இல்லை. பேருந்தின் தட எண்ணைப் பார்த்து ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்ல முடியாததைப் போல, பல்பின் எண்ணைப் பார்த்து வோல்ட்டேஜைச் சொல்ல முடியாது; அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். விமானக் கருவிகளிலும் தொழிற்சாலைப் பேனல்களிலும் வரும் சிறிய விளிம்பு வகைப் பல்புகளில் 327 என்பது 28 வோல்ட், 0.04 ஆம்பியர், 328 என்பது 6 வோல்ட், 0.2 ஆம்பியர், 330 என்பது 14 வோல்ட், 0.08 ஆம்பியர். மூன்றும் ஒரே உருவம், ஒரே ஹோல்டரில் பொருந்துபவை. 327 இருக்க வேண்டிய இடத்தில் 328ஐச் செருகினால் அது ஒருமுறை மின்னி முடிந்துவிடும்.

இந்த அமெரிக்க வணிக எண்களில் ஒரு வசதி உண்டு. அவை எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமானவை அல்ல. ஜெனரல் எலெக்ட்ரிக், சில்வேனியா, டங்-சால், சிகாகோ மினியேச்சர் என்று யார் செய்தாலும் 47 என்பது அதே 47தான். முன்னால் ஒரு நிறுவன எழுத்து சேர்ந்திருக்கலாம், அவ்வளவே. எனவே இந்த நிறுவனங்களில் எதனுடைய பழைய மினியேச்சர் விளக்குக் கேட்டலாக் ஸ்கேன் வடிவில் கிடைத்தாலும் போதும். ராணுவ, விமானப் பயன்பாட்டுக்கான பல்புகளில் எம்.எஸ்.25237 என்று தொடங்கும் நீண்ட எண் இருக்கும். அதில் கோட்டுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் இதே வணிக எண்தான். கருவித் தயாரிப்பாளர்கள் தங்கள் உதிரிபாகங்களுக்குச் சொந்த எண் இட்டிருப்பார்கள். அந்த எண்ணைக் கொண்டு பல்புக் கேட்டலாக்கில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. சர்வீஸ் மேனுவலின் பாகப் பட்டியலில் அந்தச் சொந்த எண்ணுக்கு எதிரே வோல்ட், ஆம்பியர் விவரமோ வணிக எண்ணோ அச்சிட்டிருக்கும் என்பதால், மேனுவல் கிடைக்கும் கருவிக்கு நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

கேட்டலாக்கைத் திறந்ததும் கண்ணில் படும் பத்திகளில் சில விளக்கம் தேவைப்படுபவை. கண்ணாடிக் குமிழின் வடிவத்தை ஓர் எழுத்தும் எண்ணும் குறிக்கும்: குழாய் வடிவத்துக்கு டி, உருண்டை வடிவத்துக்கு ஜி. பின்வரும் எண் விட்டத்தை ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு கணக்கில் சொல்வது. 47இன் குமிழ் டி-3¼. மூன்றேகால் எட்டில் ஒரு பங்கு அங்குலம், அதாவது ஏறத்தாழ 10.3 மி.மீ. 327 போன்றவை டி-1¾; ஏறத்தாழ 5.6 மி.மீ. எல்.இ.டி. கேட்டலாக்குகளில் 5 மி.மீ. எல்.இ.டி.யை இன்னமும் டி-1¾ என்று குறிப்பிடுவது இந்தப் பல்புகளிடமிருந்து வந்த வழக்கம். வெளிச்சம் எம்.எஸ்.சி.பி. என்ற அலகில் இருக்கும். அது எல்லாத் திசைக்குமான சராசரி மெழுகுவர்த்தித் திறன், 12.57ஆல் பெருக்கினால் லூமென் கிடைக்கும். ஆயுள் என்று கொடுத்திருப்பது ஆய்வுக்கூடத்தில் குறித்த வோல்ட்டேஜில் எரியவிட்டுக் கண்ட சராசரிதான், எந்த ஒரு பல்புக்கும் தரப்படும் உத்தரவாதம் அன்று. அதிர்வு உள்ள இடத்தில் அது குறையும். மெல்லிய இழை கொண்ட பல்புகள் டி.சி.யில் எரியும்போது இழையின் மேற்பரப்பு ரம்பப்பல் போல் அரிக்கப்படுவதால் அங்கும் குறையும்.

அடிப்பகுதியின் பெயர்கள் ஐரோப்பிய முறையில் இருந்தால் அவை தாமே அளவைச் சொல்லிவிடும். பி.ஏ.9.எஸ். என்பது 9 மி.மீ. பின் வகை, ஒரே தொடுமுனை கொண்டது. இ10 என்பது 10 மி.மீ. திருகு வகை, டார்ச் பல்பில் நாம் காண்பது, இ5.5 அதைவிடச் சிறிய திருகு, டபிள்யூ2.1×9.5டி என்பது உலோக அடிப்பகுதியே இல்லாமல் கண்ணாடியைத் தட்டையாக அழுத்திச் செய்த ஆப்பு வகை, கார்களின் பக்க விளக்குகளில் வருவது. ஐரோப்பியப் பல்புகளில் இன்னொரு நன்மை, வோல்ட்டும் வாட்டும் அல்லது வோல்ட்டும் ஆம்பியரும் பெரும்பாலும் அடிப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 24வோ 2வா என்று கண்டால் வாட்டை வோல்ட்டால் வகுத்து 83 மில்லி ஆம்பியர் என்று உடனே சொல்லிவிடலாம்.

அடிப்பகுதி ஹோல்டரில் பொருந்திவிடுகிறது என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. 47இன் ஹோல்டரில் 44 பொருந்தும், அதுவும் 6.3 வோல்ட்தான், ஆனால் 0.25 ஆம்பியர் இழுக்கும். 1815 பொருந்தும், அது 14 வோல்ட், 0.2 ஆம்பியர். 1819 பொருந்தும், அது 28 வோல்ட், 0.04 ஆம்பியர். கடைக்காரர் "பொருந்துகிறதே" என்று சொல்வது மின்னியல் விவரமே அன்று. அதிலும் வோல்ட்டேஜை மட்டும் ஒப்பிட்டு வாங்குவதுதான் பரவலான வழக்கம். ஆம்பியரை யாரும் கேட்பதில்லை. 47க்குப் பதிலாக 44ஐப் போட்டால் வெளிச்சம் கூடும், உண்மை, கூடவே 0.95 வாட்டாக இருந்த வெப்பம் 1.6 வாட்டாகும், பிளாஸ்டிக் டயல் பழுப்பேறும், டிரான்ஸ்பார்மரின் சுமையும் ஏறும். பின்பால் ஆட்ட எந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள், டஜன் கணக்கில் 44 இருந்த இடங்களில் வெப்பத்தைக் குறைக்கவே 47ஐப் போடுகிறார்கள். அந்தத் திசையில் மாற்றுவது பாதுகாப்பானது, எதிர்த்திசையில் மாற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இனி எண் அழிந்த பல்பு. அது இன்னும் எரியக்கூடியதா, இழை அறுந்ததா என்பதைப் பொறுத்து வழி மாறுகிறது. அறுந்ததாக இருந்தாலும் கண்ணாடிக்குள் பார்த்தால் இழையைத் தாங்கும் இரு கம்பிகளைப் பிணைக்கும் சிறு கண்ணாடி மணி ஒன்று தெரியும். பழைய அமெரிக்க டயல் பல்புகளில் அதற்கு வண்ணம் இட்டார்கள்: பழுப்பு என்றால் 6.3 வோல்ட், 0.15 ஆம்பியர், நீலம் என்றால் 6.3 வோல்ட், 0.25 ஆம்பியர்; இளஞ்சிவப்பு என்றால் பேட்டரி ரேடியோக்களுக்கான 2 வோல்ட், 0.06 ஆம்பியர். வெள்ளை மணி மட்டும் நம்பத் தகாதது, ஏனெனில் 2.5 வோல்ட் பல்புக்கும் 7.5 வோல்ட் பல்புக்கும் அதையே இட்டிருக்கிறார்கள். பிற்காலத் தயாரிப்புகளில் இந்த வண்ண ஒழுங்கைக் கடைப்பிடித்ததாகக் கொள்ள முடியாது. ஆகவே இது துப்பு மட்டுமே, தீர்ப்பு அன்று.

இழை அறுபடாத பல்பை மல்டிமீட்டரால் ஓம் அளந்து, 6.3ஐ அந்த ஓமால் வகுத்து ஆம்பியர் காணப் பார்ப்பவர்கள் உண்டு. அது தவறான விடை தரும். டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை, எரியும்போது இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். 47 எரியும்போது 42 ஓம். மேசைமேல் வைத்து அளந்தால் நான்கைந்து ஓம் காட்டும். ஆகவே சரியான முறை, மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய, மாற்றியமைக்கக்கூடிய டி.சி. மின்வழங்கியில் பல்பை இணைத்து, வோல்ட்டேஜைச் சுழியிலிருந்து மெல்ல ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்வது. காட்டி விளக்குகள் நீண்ட ஆயுளுக்காக வடிவமைக்கப்பட்டவை என்பதால் உரிய வோல்ட்டேஜில் அவற்றின் ஒளி மஞ்சள் கலந்த ஆரஞ்சாக இருக்கும். வெண்மை கலக்கத் தொடங்கினால் அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். மஞ்சளாக எரியும் நிலையில் கிடைத்த வோல்ட், ஆம்பியர் இணையைக் கேட்டலாக்கில் அதே குமிழும் அடிப்பகுதியும் கொண்ட வரிகளோடு ஒப்பிட்டால், பொருந்தக்கூடியவை ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். 5 வோல்ட், 14 வோல்ட், 28 வோல்ட் என்று மதிப்புகள் தள்ளித் தள்ளி இருப்பதால், கண்ணால் நிறம் பார்த்துச் செய்யும் இந்த மதிப்பீடு தோன்றுவதைவிடத் துல்லியமானது.

பல்பே இல்லை, ஹோல்டர் மட்டும் இருக்கிறது என்றாலும் கைவிட வேண்டியதில்லை. என் அனுபவத்தில் சுற்று சொல்வதுதான் பல்பு சொல்வதைவிட நம்பகமானது, ஏனெனில் கடைசியாகக் கைவைத்தவர் எந்தப் பல்பைச் செருகியிருந்தார் என்பது நமக்குத் தெரியாது. முதலில் காலி ஹோல்டரில் ஏ.சி.யா, டி.சி.யா, எத்தனை வோல்ட் என்று அளக்க வேண்டும். 6.3க்குச் சற்று மேலே ஏ.சி. என்றால் ஹீட்டர் சுற்று, சந்தேகமே இல்லை. வேறு மதிப்பாக இருந்தால், அங்கே ஒரு ரெசிஸ்டரை (மின்தடை உறுப்பை) பல்புக்குப் பதிலாக இணைத்து மீண்டும் அளக்க வேண்டும். காலியாக 30 வோல்ட் காட்டிய ஹோல்டர் 1,000 ஓம் ரெசிஸ்டரை இணைத்ததும் 20 வோல்ட்டாக இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 1,000 ஓமில் 20 வோல்ட் என்றால் 20 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அந்த 20 மில்லி ஆம்பியருக்கு 10 வோல்ட் எங்கோ இழக்கப்படுகிறது. ஆகவே வழியில் 500 ஓம் இருக்கிறது. அதாவது அந்தப் பல்பு 30 வோல்ட் பல்பு அன்று, தொடரில் ரெசிஸ்டர் வைத்துக் குறைந்த வோல்ட்டில் எரிய வைத்த பல்பு. காலி ஹோல்டரின் வோல்ட்டேஜை மட்டும் நம்பி வாங்கியிருந்தால் மங்கலாகத்தான் எரிந்திருக்கும். இரண்டு பல்புகள் தொடரில் இருப்பதும் உண்டு. ஒன்று அறுந்தால் இரண்டும் அணைந்துவிடுவது அதன் அடையாளம்.

கேட்டலாக் மதிப்பு சுற்றின் வோல்ட்டேஜோடு சரியாகப் பொருந்தவில்லை என்று பலர் குழம்புவது இயல்பு. 12 வோல்ட் காருக்கு 14 வோல்ட் பல்பு, 24 வோல்ட் பேனலுக்கு 28 வோல்ட் பல்பு என்று இருப்பது பிழை அன்று. மின்கலம் ஏற்றம் பெறும்போது உண்மையில் நிலவும் வோல்ட்டேஜைக் கொண்டு மதிப்பிட்டவை அவை; தவிரவும், சற்றுக் குறைத்து எரிப்பதில் ஆயுள் வியக்கத்தக்க அளவு கூடுகிறது. டங்ஸ்டன் இழைக்கு ஆயுள், வோல்ட்டேஜின் பன்னிரண்டாம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும், வெளிச்சம் சுமார் மூன்றரையாம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் மாறுகிறது. மின்னோட்டம் கிட்டத்தட்ட வோல்ட்டேஜின் வர்க்கமூலத்தைப் போல மெதுவாக மாறுகிறது. வோல்ட்டேஜைப் பத்து சதவீதம் குறைத்தால் ஆயுள் மூன்றரை மடங்காகும், வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும், மின்னோட்டம் ஐந்தாறு சதவீதமே குறையும். பத்து சதவீதம் கூட்டினால் ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மதிப்பிட்ட வோல்ட்டேஜிலிருந்து வெகுதூரம் விலகினால் இந்த விதிகள் பிசகும் என்றாலும், பழுதுபார்க்கும் மேசைக்கு இவை தாராளமாகப் போதும். டார்ச் பல்பைக் காட்டி விளக்காகப் போடக் கூடாது என்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது: இரண்டு செல் டார்ச்சுக்கான பி.ஆர்.2 என்ற பல்பின் மதிப்பிட்ட ஆயுள் 15 மணி நேரம் மட்டுமே, வெண்ணிற ஒளிக்காக ஆயுளை விலையாகக் கொடுத்துச் செய்தது அது. மறுகோடியில் 755 என்ற பல்பு 47ஐப் போலவே 6.3 வோல்ட், 0.15 ஆம்பியர், ஆனால் சற்று மங்கலான ஒளிக்கு ஈடாக 20,000 மணி நேர ஆயுள். பிரித்தெடுக்கச் சிரமமான முகப்பு என்றால் நான் 47ஐத் தேடாமல் 755ஐத்தான் வாங்குவேன்.

சிறிய பல்பு கண்ணாடிக்குள் இழையில்லாமல் இரண்டு குச்சிகளோடு மட்டும் இருந்தால், அது நியான் பல்பு. அதற்கு விதிகளே வேறு. டெஸ்டர் ஸ்க்ரூடிரைவருக்குள் இருப்பது அதுதான். நியானுக்கு "இத்தனை வோல்ட் பல்பு" என்ற பேச்சே பொருந்தாது. பற்றிக்கொள்ளும் வோல்ட்டேஜ், பற்றிய பின் நிலைக்கும் வோல்ட்டேஜ், தாங்கும் மின்னோட்டம் என்ற மூன்றுதான் அதன் விவரம். பரவலான என்.இ.-2 வகை ஏ.சி.யில் சுமார் 65 வோல்ட்டிலும் டி.சி.யில் சுமார் 90 வோல்ட்டிலும் பற்றி, 60 வோல்ட் அருகில் நிலைக்கும். அதிக ஒளி தரும் என்.இ.-2எச்சுக்கு முறையே 95, 135 வோல்ட் வேண்டும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது முழுக்கத் தொடர் ரெசிஸ்டரின் வேலை. அதில்லாமல் மெயின்ஸில் (வீட்டு மின் இணைப்பில்) நேரடியாக இணைத்தால் பல்பு வெடிக்கக்கூடும். அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கு என்.இ.-2வோடு 100 கிலோ ஓம் வைப்பது வழக்கம். அதே மின்னோட்டத்தை நம் 230 வோல்ட்டில் பெற, பல்பில் நிலைக்கும் 60ஐக் கழித்து விகிதம் பார்த்தால் 283 கிலோ ஓம் வருகிறது. கடையில் கிடைக்கும் 270 கிலோ ஓம் சரியாக இருக்கும். இதில் வெப்பம் பத்தில் ஒரு வாட் அளவுதான் என்பதால் கால் வாட் ரெசிஸ்டரே போதும் என்று தோன்றும். ஆனால் 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட், கால் வாட் ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்கே மதிப்பிடப்பட்டவை. அரை வாட் வைப்பது அல்லது இரண்டைத் தொடரில் வைப்பது நல்லது. இறக்குமதிக் கருவி 230 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டிருந்தாலும், நியான், டிரான்ஸ்பார்மரின் பிரைமரியின் (மெயின்ஸ் இணையும் பக்கத்துச் சுருளின்) ஒரு பாதிச் சுற்றுக்குக் குறுக்கே இணைக்கப்பட்டிருந்தால் அதற்குக் கிடைப்பது 115 வோல்ட்தான். அளந்த பிறகே ரெசிஸ்டரை மாற்ற வேண்டும். இந்த அளவீடு மெயின்ஸ் மின்சாரம் நேரடியாக இருக்கும் இடத்தில் நடப்பது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கடைசியாக எல்.இ.டி. பற்றி. போடலாம், ஆனால் பல்பு அங்கே வெளிச்சத்துக்காக மட்டும் இருக்கிறதா என்று முதலில் தெரிந்தாக வேண்டும். காரின் டேஷ்போர்டில் உள்ள சார்ஜிங் எச்சரிக்கை விளக்கு வழியாகத்தான் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்கு (வண்டியின் மின்னாக்கிக்கு) தொடக்க மின்னோட்டம் போகிறது, அங்கே எல்.இ.டி. வைத்தால் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமல் போகலாம். டிரான்ஸ்பார்மர் இல்லாத அமெரிக்க ஐந்து வால்வு ரேடியோக்களில் 35இசட்5 என்ற ரெக்டிஃபையர் (ஏ.சி.யை டி.சி.யாக்கும்) வால்வின் ஹீட்டரில் ஒரு பகுதிக்கு இணையாக 47 வைக்கப்பட்டது. அந்தப் பல்பு அறுந்த நிலையில் ரேடியோவைத் தொடர்ந்து ஓட்டினால் அதுவரை பல்பு பகிர்ந்துகொண்ட மின்னோட்டமும் அந்தப் பகுதியிலேயே ஓடி, வால்வும் பின்னாலேயே போய்விடும். சிக்னல் ஜெனரேட்டர் என்று கேள்வியில் இருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும்: 1939இல் வந்த ஹியூலெட்-பேக்கார்டின் 200ஏ ஆடியோ ஆஸிலேட்டர் (ஒலி அதிர்வெண் அலைகளை உருவாக்கும் கருவி) தொடங்கி, பல ஆஸிலேட்டர்களில் சிறிய இழைப் பல்பு ஒன்று உள்ளே, முகப்பில் தெரியாமல், அலையின் உயரத்தைச் சீராக வைப்பதற்காகப் பயன்படுகிறது. இழை சூடாகச் சூடாக மின்தடை கூடும் என்ற, மேலே நம் ஓம் அளவீட்டைக் கெடுத்த அதே குணம்தான் அங்கே வேலை செய்கிறது. அந்தப் பல்பைக் கழற்றி எல்.இ.டி. வைத்தால் கருவி வேலை செய்யாது; மேனுவலில் குறித்த எண்ணைத் தவிர வேறு இழைப் பல்பையும் அங்கே போடக் கூடாது.

முகப்பில் வெளிச்சத்துக்காக மட்டும் இருக்கும் பல்புக்கு எல்.இ.டி. வைப்பதானால், 6.3 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 8.9 வோல்ட் என்பதையும், சாதாரண எல்.இ.டி. எதிர்த்திசையில் 5 வோல்ட்தான் தாங்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். எதிர்த்திசை அரைச்சுழற்சிக்கு வழிவிட எல்.இ.டி.க்கு இணையாக, திசை மாற்றி ஒரு சிறு டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) வைத்தால் அந்தத் தொல்லை தீரும். 28 வோல்ட் டி.சி.யில் சிவப்பு எல்.இ.டி.க்கு 10 மில்லி ஆம்பியர் போதும்; 2 வோல்ட் அதன் பங்கு போக 26 வோல்ட்டுக்கு 2.7 கிலோ ஓம், அரை வாட். அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுக்கினால் பழுது என்று பதற வேண்டாம்: திடீரென்று ஓடும் பெரும் மின்னோட்டத்தைத் தவிர்க்க, சில கருவிகளில் பல்பின் இழையை எப்போதும் இளஞ்சூட்டில் வைத்திருக்கும் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அதன் வழியே கசியும் சில மில்லி ஆம்பியர் இழையை ஒளிரச் செய்யாது, எல்.இ.டி.யை ஒளிரச் செய்யும். ஹோல்டருக்குக் குறுக்கே ஒரு கிலோ ஓம் போல ஒரு ரெசிஸ்டரை வைத்துப் பார்த்து, தேவைக்கேற்பக் குறைத்தால் மினுக்கல் நிற்கும். அது 28 வோல்ட் சுற்று என்றால் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒரு வாட் தாங்குவதாக இருக்க வேண்டும்; ஓமைக் குறைக்கக் குறைக்க அதைவிடக் கூடுதல் வாட் தேவைப்படும்.